ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்: விஷயம் சுவருக்குப் பின்னால் இருக்கிறது

வீட்டு ஹீட்டிங்குக்கு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் மாட்டலாமா என்று யாராவது கேட்டால், எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்ற பேச்சுக்கே நான் போவதில்லை. சுவரில் இப்போது இருக்கிற பழைய தெர்மோஸ்டாட்டின் மூடியைக் கழற்றிப் பார்த்தீர்களா, உள்ளே எத்தனை வயர் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதெல்லாம் ஆப், குரல் கட்டளை, தானாகக் கற்றுக்கொள்ளும் திறமை. வேலை ஒழுங்காக முடிவதோ சுவருக்குள் ஓடும் மெல்லிய வயர்களைப் பொறுத்தது. அப்புறம், அந்த வீட்டில் யார் யார் எந்த நேரத்தில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இந்த இரண்டும் தெரியாமல் வாங்கியவர்களில் பாதிப் பேர் கருவியைத் திருப்பி அனுப்புகிறார்கள், மீதிப் பேர் அதோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் இருந்தது கையால் திருகுகிற டயல் வைத்த வட்டமான பழைய வகை. மூடியை லேசாக இழுத்தாலே வந்துவிடும். உள்ளே சுருளாகச் சுற்றிய ஓர் உலோகப் பட்டை. இரண்டு வெவ்வேறு உலோகங்களை ஒட்டிச் செய்தது அது. சூடு ஏறும்போது ஒன்று கூடுதலாக விரியும், இன்னொன்று குறைவாக விரியும், அந்த இழுபறியில் சுருள் இறுகும் அல்லது தளரும். சுருளின் நுனியில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு சொட்டுப் பாதரசம். டயலை மெதுவாகத் திருப்பினால் குழாய் சாய்ந்து, பாதரசத் துளி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு உருண்டு ஓடும். அங்கே இரண்டு கம்பி முனைகள் துருத்திக்கொண்டிருக்கும். துளி இரண்டையும் சேர்த்துத் தொட்டதும் மின்சுற்று முழுமையாகி, கீழே வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் கிளம்பும். அறை சூடானதும் துளி திரும்ப உருண்டு போகும், ஃபர்னஸ் நிற்கும்.

அவ்வளவுதான் தெர்மோஸ்டாட். வெப்பத்தைப் பார்த்துத் தானே போட்டு அணைத்துக்கொள்ளும் ஒரு ஸ்விட்ச். புதிதாக வரும் ஸ்மார்ட் கருவியும் கடைசியில் செய்வது இதையேதான்: பாதரசத்துக்குப் பதில் ரிலே என்கிற மின்சார ஸ்விட்ச், உலோகச் சுருளுக்குப் பதில் எலக்ட்ரானிக் சென்சார், கூடவே ஒரு சின்னக் கம்ப்யூட்டரும் வைஃபையும். இது மனதில் பதிந்துவிட்டால் வயரிங் பற்றிய பயம் பாதி போய்விடும். பழையதைக் குப்பைத் தொட்டியில் மட்டும் போடாதீர்கள். பாதரசம் நச்சு. குழாய் உடையாமல் ஒரு டப்பாவில் வைத்து, ஆபத்தான கழிவுகளை வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

எல்லா வீட்டு ஹீட்டிங்கும் ஒரே மாதிரி கிடையாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்களுடையது எரிவாயு ஃபர்னஸ். காற்றைச் சூடாக்கிக் குழாய் வழியாக அறைகளுக்கு ஊதும். இந்த வகையில் தெர்மோஸ்டாட்டுக்கு வருவது 24 வோல்ட் மாறுதிசை மின்சாரம்தான். வயர்கள் மெலிசாக, பல நிறங்களில் இருக்கும். மூடியைக் கழற்றியதும் உள்ளே தடித்த வயர்கள், பிளாஸ்டிக் தொப்பி போட்டு முறுக்கிய இணைப்புகள் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். அது சுவரோரம் நீளமாகப் படுத்திருக்கும் மின் ஹீட்டர்களுக்கான முழு வோல்டேஜ் லைன், 120 அல்லது 240 வோல்ட். 24 வோல்ட் கருவியை அங்கே மாட்டினால் கருவி எரிவதோடு நிற்காது. அதற்கென்றே தனி வகைத் தெர்மோஸ்டாட் விற்கிறது. ரேடியேட்டருக்கு வெந்நீர் அனுப்பும் பாய்லர் உள்ள வீடுகளில் இன்னொரு கதை. பல பாய்லர்களில் தெர்மோஸ்டாட் வயரிலேயே 230 வோல்ட் இருக்கும். அங்கே பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு ரிலே பெட்டி, அறையில் ஒரு கண்ட்ரோலர் என்று இரண்டு துண்டாக வரும் கருவிகளே வழக்கம். அந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுவதுதான் நல்லது. எரிவாயு பக்கம் எதையும் தொடவே கூடாது, அது லைசென்ஸ் உள்ளவர் வேலை.

சரி, 24 வோல்ட்டுக்கு வருவோம். ஒவ்வொரு வயரும் ஓர் எழுத்துக்குப் போகும். ஆர் என்பது, வீட்டு மின்சாரத்தை 24 வோல்ட்டாகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் மின்சாரம். டபிள்யூ ஹீட்டிங், ஒய் ஏசி கம்ப்ரசர், ஜி ஃபேன். ஆரையும் டபிள்யூவையும் தெர்மோஸ்டாட் உள்ளே சேர்த்துவிட்டால் ஹீட்டிங் ஓடும். ஆரையும் ஜி-யையும் சேர்த்தால் ஃபேன் ஓடும். ஹீட் பம்ப், அதாவது ஏசி மாதிரியே ஓடி வீட்டைச் சூடாக்கவும் செய்யும் கருவி, வைத்திருப்பவர்களுக்கு ஓ அல்லது பி என்று இன்னொன்றும் உண்டு. குளிரூட்டுவதா, சூடாக்குவதா என்று வால்வைத் திருப்புவது அதன் வேலை.

வயரைக் கழற்றுவதற்கு முன் ஃபோனில் ஒரு படம் எடுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்வது, மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் இருபுறமும் ஒவ்வொன்று, பளிச்சென்ற வெளிச்சத்தில் எடுங்கள். எழுத்து ஒரு பக்கம், வயர் நுழைகிற இடம் இன்னொரு பக்கம் இருப்பதால் ஒரே படத்தில் எது எதற்குப் போகிறது என்று பல சமயம் புரியாது. நிறத்தை மட்டும் நம்பவே வேண்டாம். சிவப்பு ஆர், வெள்ளை டபிள்யூ, மஞ்சள் ஒய், பச்சை ஜி என்பது வழக்கமே தவிரச் சட்டம் இல்லை. முன்பு வேலை பார்த்தவர் கையில் கிடைத்ததை மாட்டிவிட்டுப் போயிருக்கலாம். எங்கள் வீட்டில் ஏசிக்குப் போனது மஞ்சள் இல்லை, பழுப்பு. வயர் எந்த எழுத்தில் மாட்டியிருந்ததோ அந்த எழுத்துள்ள ஸ்டிக்கரை அதன் மேல் ஒட்டுவதுதான் ஒரே வழி. ஸ்டிக்கர் கருவியின் பெட்டியிலேயே இருக்கும்.

பழைய தட்டைக் கழற்றியதும் வயர்கள் மெல்ல மெல்லச் சுவருக்குள் வழுக்கிப் போகப் பார்க்கும். ஒரு பென்சிலைக் குறுக்காக வைத்து வயர்களை அதில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் நின்றுவிடும். சின்ன விஷயம்தான், ஆனால் உள்ளே போன வயரைத் திரும்ப எடுக்கச் சுவரை உடைக்க வேண்டி வரலாம்.

இப்போது இந்த வேலையின் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். சி வயர். காமன் வயர் என்பார்கள். பழைய டயலுக்கு மின்சாரமே வேண்டாம், பாதரசம் தானாக உருளும். அதனால் பழைய வீடுகளில் பெரும்பாலும் சி வயரை இணைத்திருக்க மாட்டார்கள். ஸ்மார்ட் கருவிக்கோ திரை எரிய வேண்டும், வைஃபை ஓட வேண்டும், நாள் முழுக்க மின்சாரம் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஆர் வழியாக வந்த மின்சாரம் திரும்பிப் போகிற பாதைதான் சி. அது இல்லையென்றால் சுற்று முழுமையாகாது.

எங்கள் டயலில் மாட்டியிருந்தது நான்கு வயர். சி இல்லை. ஆனால் சுவரின் ஓட்டையில் டார்ச் அடித்து, வயர்களைச் சுற்றியிருந்த வெளி உறையைக் கொஞ்சம் வெளியே இழுத்தபோது, ஐந்தாவதாக ஒரு நீல வயர் அந்த உறையின் மேலேயே சுருட்டிவிடப்பட்டிருந்தது. வயர் போட்டவர்கள் ஒன்று கூடுதலாக உள்ள கேபிளைப் போட்டு, தேவைப்படாததைச் சுருட்டி உள்ளே தள்ளியிருக்கிறார்கள். பல வீடுகளில் இப்படி ஒன்று ஒளிந்திருக்கும். வேறு எதையும் வாங்குவதற்கு முன் இதைத் தேடிப் பாருங்கள். கண்டுபிடித்ததோடு வேலை முடியாது. கீழே ஃபர்னஸ் பக்கத்திலும் அதே நீல வயர் வெட்டியோ சுருட்டியோ விடப்பட்டிருக்கும். ஃபர்னஸின் கீழ்க் கதவைத் திறந்தால் கண்ட்ரோல் போர்டில் இதே எழுத்துகள் வரிசையாக இருக்கும். அங்கே சி என்ற திருகில் அதை மாட்டினால்தான் மேலே மின்சாரம் வரும். மாட்டி முடித்து, மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்து, மேலே ஆருக்கும் சி-க்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 24 முதல் 28 வோல்ட் வரை காட்ட வேண்டும். அது காட்டிய பிறகு மறுபடி பிரேக்கரை அணைத்துவிட்டுத்தான் கருவியை மாட்டினோம்.

நண்பன் வீட்டில் மொத்தமே இரண்டு வயர்தான், ஆரும் டபிள்யூவும். சி வயர் இல்லாமலே ஓடும் என்று பெட்டியில் போட்டிருந்த ஒரு கருவியை வாங்கி மாட்டினான். சில நாளில் ஃபோன் வந்தது. "மச்சான், ராத்திரி முழுக்க கீழ ஏதோ டிக் டிக்னு அடிச்சுக்கிட்டே இருக்குடா. தூங்கவே முடியல." விஷயம் என்னவென்றால், இந்த வகைக் கருவிகள் ஹீட்டிங் அணைந்திருக்கும்போது டபிள்யூ வயர் வழியாகவே ஒரு துளி மின்சாரத்தை எடுத்துத் தன் பேட்டரியைச் சார்ஜ் செய்துகொள்ளும். ஃபர்னஸின் ரிலேயை இழுக்கப் போதாத அளவுக்குக் குறைவான மின்சாரம் என்பது கணக்கு. சில போர்டுகளில் அந்தக் கணக்கு தப்பிவிடும். ரிலே இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் துடிக்கும். அந்தச் சத்தம்தான் அது. கடைசியில் அவன் ஒரு 24 வோல்ட் பிளக் அடாப்டரை வாங்கி, பக்கத்துச் சுவரின் பிளக்கிலிருந்து மெல்லிய வயர் இழுத்து, கருவிக்குத் தனியாக மின்சாரம் கொடுத்தான். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் சத்தம் நின்றுவிட்டது.

வேறு வழிகளும் உண்டு. நான்கு வயர் இருந்து ஐந்தாவது இல்லாவிட்டால், நான்கு வயரிலேயே ஐந்தின் வேலையை நடத்த ஃபர்னஸில் பொருத்துகிற ஒரு சின்ன எக்ஸ்டெண்டர் பெட்டியைச் சில கம்பெனிகள் கருவியோடேயே கொடுக்கின்றன. அதுவும் இல்லையென்றால் ஃபேனுக்குப் போகும் ஜி வயரையே சி-யாக மாற்றிக்கொள்ளலாம். எரிவாயு ஃபர்னஸ் சூடாக்கும்போது ஃபேனைத் தானே ஓட்டிக்கொள்ளும் என்பதால் குளிர் காலத்தில் தொல்லை இல்லை. ஃபேனை மட்டும் தனியாக ஓட விடும் வசதி போய்விடும். ஏசியும் இருந்தால் ஃபர்னஸ் போர்டில் ஒய்-யையும் ஜி-யையும் ஒரு சின்ன வயரால் இணைக்க வேண்டியிருக்கும். எனக்குப் பிடித்த வரிசை: முதலில் ஒளிந்திருக்கும் வயர், அடுத்து எக்ஸ்டெண்டர் பெட்டி, அப்புறம் பிளக் அடாப்டர், ஜி-யை மாற்றுவது கடைசி. சி வயர் வேண்டாம் என்ற விளம்பரத்தை நம்பிப் போவதை என் வரிசையில் சேர்க்கவே இல்லை.

பிரேக்கரை அணைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 24 வோல்ட் ஆளை ஒன்றும் செய்யாது என்று சொல்லி அணைக்காமலே வேலை செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆளுக்கு ஒன்றும் ஆகாது, உண்மைதான். ஆனால் ஆர் வயரின் நுனி சி வயரின் நுனியை ஒரு நொடி தொட்டால் போதும், ஃபர்னஸ் போர்டில் இருக்கும் 3 அல்லது 5 ஆம்பியர் ஃப்யூஸ் போய்விடும். காரில் போடுகிற அதே தட்டை வகை ஃப்யூஸ்தான். மலிவான பொருள், மாற்றுவதும் எளிது. ஆனால் பனி கொட்டும் ஞாயிற்றுக்கிழமை இரவில் திரை எரியாமல், ஹீட்டரும் ஓடாமல் நிற்கும்போது அது ஃப்யூஸ் என்று தெரியாமல் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருப்போம். ஃபர்னஸ் போர்டில் ஃப்யூஸ் இல்லாத பழைய அமைப்பு என்றால் டிரான்ஸ்ஃபார்மரே போகும். ஏசிக்கும் ஃபர்னஸுக்கும் தனித்தனி டிரான்ஸ்ஃபார்மர் உள்ள வீடுகளும் உண்டு. அங்கே ஆர்ஹெச், ஆர்சி என்று இரண்டு மின் வயர் வரும், இரண்டு பிரேக்கரையும் அணைக்க வேண்டும்.

மாட்டுவது சுலபம். பாதரச வகையை நூல் பிடித்த மாதிரி நேராக மாட்டாவிட்டால் அது காட்டும் வெப்பமே தப்பாகிவிடும். புதியதை நேராக மாட்டுவது நம் கண்ணுக்காக மட்டும்தான். பழையதின் வட்டத் தடமும் பெயிண்ட் வித்தியாசமும் சுவரில் தெரியும். அதை மறைக்க ஒரு அகலத் தட்டு பெட்டியில் வருகிறது. பூசிப் பெயிண்ட் அடிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு அது போதும்.

மாட்டி முடித்த பிறகு எங்கள் கருவி காட்டிய வெப்பம் விசித்திரமாக இருந்தது. அறையில் தனியாக வைத்திருந்த தெர்மாமீட்டர் ஒன்று சொன்னது, சுவரில் இருந்தது இரண்டு டிகிரி குறைத்துச் சொன்னது. ஃபர்னஸ் தேவைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. கருவியைத் தளத்திலிருந்து கழற்றி, வயர் வரும் ஓட்டையின் அருகே விரலை வைத்தால் ஜில்லென்று காற்று. சுவருக்குள் இருக்கிற குளிர்ந்த காற்று, வயருக்காகப் போட்ட ஓட்டை வழியாக நேராகச் சென்சார் மேல் வீசிக்கொண்டிருந்தது. வயரைச் சுற்றிக் கொஞ்சம் புட்டியை அப்பி ஓட்டையை அடைத்தோம். சீக்கிரமே இரண்டும் ஒரே எண்ணைச் சொன்னது. கருவி தப்பாகக் காட்டினால் செட்டிங்கில் போய் இரண்டு டிகிரி கூட்டித் திருத்திக்கொள்ளலாம் என்று ஒரு வசதி இருக்கிறது. அதைத் தொடுவதற்கு முன் ஓட்டையைப் பாருங்கள். காற்று அடிக்கிற நாளில் ஒரு வித்தியாசம், அடிக்காத நாளில் வேறு வித்தியாசம் இருக்கும், எந்தத் திருத்தமும் நிற்காது.

இடமும் அப்படித்தான். வெளிச்சுவரில், ஜன்னல் வெயில் விழும் இடத்தில், ரேடியேட்டருக்கு மேலே, அடுப்புக்கு அருகில், வாசல் கதவுக்கு எதிரே எல்லாம் வேண்டாம். ஆட்கள் அதிகம் புழங்குகிற அறையின் உட்சுவரில், தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் நல்லது. பழைய வயர் எங்கே வருகிறதோ அங்கேதான் மாட்ட முடியும் என்பதால் பெரும்பாலோருக்கு இதில் தேர்வே கிடையாது. எங்களுக்கும் கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போகும் நடையில்தான் வயர் வந்தது. அது பின்னால் ஒரு தொல்லை கொடுத்தது, சொல்கிறேன்.

முதல் தடவை ஓட்டிப் பார்க்கும்போது ஃபர்னஸ் பக்கத்தில் ஒருவர் நிற்பது நல்லது. வெப்பத்தை இரண்டு மூன்று டிகிரி கூட்டியதும் மேலே ஒரு டிக். கீழே முதலில் ஒரு சின்ன விசிறி சுழலும் சத்தம், புகையை வெளியேற்றுவது அது. அடுத்து பற்றவைக்கும் கருவி வேலை செய்து, பர்னர் குப்பென்று பிடிக்கும். பெரிய ஃபேன் உடனே ஓடாது, உள்ளே தகடு சூடாகட்டும் என்று அரை நிமிடமோ ஒரு நிமிடமோ காத்திருந்துதான் ஓடும். அந்த இடைவெளியில் பயந்து அணைத்துவிடாதீர்கள். எரிவாயுவா, மின்சார ஃபர்னஸா என்று கருவி கேட்கும் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லவும் வேண்டும். ஃபேனை யார் ஓட்டுவது என்பது அந்தப் பதிலில்தான் தீர்மானமாகிறது. ஹீட் பம்ப் என்றால் ஓ-வா பி-யா என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் சூடு கேட்டபோது குளிர்ந்த காற்று வரும்.

ஆப், வைஃபை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பல கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும் சேரும். சேரவில்லையென்றால் முதலில் அதைப் பாருங்கள். கணக்குக்கு நல்ல பாஸ்வேர்டும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போடுங்கள். நாம் வீட்டில் இல்லாத நேரம் எல்லாம் அதற்குத் தெரியும்.

இனிமேல்தான் நிஜமான தொல்லை ஆரம்பித்தது. வீட்டில் ஆள் இல்லை என்று தெரிந்தால் கருவி தானே வெப்பத்தைக் குறைத்துவிடும். இது விற்பனையின் பெரிய அம்சம். எப்படித் தெரிந்துகொள்கிறது? ஒன்று, நம் ஃபோன் வீட்டிலிருந்து விலகிப் போவதை வைத்து. இரண்டு, கருவியின் முன்னால் யாராவது நடமாடுகிறார்களா என்று பார்த்து. நாங்கள் இருவரும் வேலைக்குப் போனதும் இரண்டு ஃபோனும் வெளியே. வீட்டில் அம்மா. அவர் ஃபோனில் ஆப் இல்லை, போடவும் அவருக்கு விருப்பமில்லை. மதியம் சாப்பிட்டு அறையில் படுத்தால் நடைப் பக்கம் வரவே மாட்டார். கருவி யோசித்தது: ஃபோன் இல்லை, நடமாட்டம் இல்லை, ஆகவே ஆள் இல்லை. வெப்பம் 16-க்கு இறங்கிவிட்டது. மாலையில் வந்து பார்த்தால் அம்மா ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் போர்வை.

"ஹீட்டர் ரிப்பேர்னு நெனச்சேன்டா. நீங்க வந்து பாத்துக்குவீங்கன்னு விட்டுட்டேன்."

"ஆள் இல்லன்னு அதுவே கொறச்சிருச்சும்மா."

"அப்ப நான் யாராம்?"

பதில் சொல்ல முடியாத கேள்வி. அன்றைக்கே அந்த அம்சத்தை நிரந்தரமாக அணைத்துவிட்டேன். உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டுச் சூழல் வழிகாட்டுதல்கள் குளிர் காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரியைப் பாதுகாப்பான அடிமட்டமாகச் சொல்கின்றன. முதியவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகவும் தேவைப்படலாம். ஃபோன் வைத்திருப்பவர்களைத்தான் இந்தக் கருவி ஆள் என்று எண்ணுகிறது. பெரியவர்கள், குழந்தைகள், வந்து தங்கியிருக்கும் விருந்தாளிகள் இருக்கும் வீட்டில் ஆள் இல்லை என்ற கணிப்பை நம்பி வெப்பத்தைக் குறைக்கக் கூடாது. அம்மாவின் அறையில் ஒரு தனி சென்சார் வாங்கி வைத்தோம். பகலில் அந்த அறையின் வெப்பத்தைப் பார்த்து ஓட்டு, இரவில் எல்லா அறையின் சராசரியைப் பார் என்று சொல்லிவிட்டால் அப்படியே செய்கிறது. எனக்குக் கேட்டால், இந்தக் கருவியில் கொடுத்த காசுக்குப் பெறுமானமான அம்சம் இந்த அறை சென்சார்தான். இன்னொன்று, வாங்கும்போதே சுவரில் உள்ள கருவியைக் கையால் தொட்டுக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, எழுத்து பெரிதாகத் தெரிகிறதா என்று வீட்டின் மூத்தவரை வைத்துப் பாருங்கள். வெப்பத்தைக் கூட்ட மகனுக்கு ஃபோன் போட வேண்டியிருந்தால் அது என்ன ஸ்மார்ட்?

தானாகக் கற்றுக்கொள்ளும் அம்சத்தையும் நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. ஒருவருக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் நாள் முழுக்கக் கூட்டி வைத்ததை அது பழக்கம் என்று எடுத்துக்கொண்டது. கையால் போட்ட ஷெட்யூல் ஒன்றே இப்போது ஓடுகிறது. எழுந்திருக்கும் நேரம், பகல், தூங்கும் நேரம். அவ்வளவுதான்.

பில்லில் மிச்சமாவதெல்லாம் அந்த ஷெட்யூலில் இருக்கிறது. இரவில் குறைத்துவிட்டுக் காலையில் மறுபடி சூடாக்கினால் கூடத்தானே செலவாகும், ஒரே அளவில் விட்டுவிடலாமே என்று பலர் நினைக்கிறார்கள். வீடு ஓர் ஓட்டை வாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டம் எவ்வளவு உயரமோ அவ்வளவு வேகமாக ஒழுகும். உள்ளே வெளியே வெப்ப வித்தியாசம் குறைந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஒழுகல் குறைவு, காலையில் நிரப்ப வேண்டியது, இரவில் ஊற்றாமல் விட்டதைவிட ஒருபோதும் கூடாது. ஒரு நாளில் 8 மணி நேரம் வழக்கத்தைவிட 4 முதல் 5.5 டிகிரி வரை குறைத்து வைத்தால் ஆண்டில் 10 சதவீதம் வரை மிச்சப்படுத்தலாம் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. அதேபோல, குளிருகிறதே என்று 21-க்குப் பதில் 28 வைத்தால் சீக்கிரம் சூடாகாது. சாதாரண ஃபர்னஸ் ஒரே வேகத்தில்தான் எரியும், 21-ஐத் தாண்டியும் எரிந்துகொண்டே போகும், அதுதான் வித்தியாசம்.

ஆனால் இந்த மிச்சத்துக்கு ஸ்மார்ட் கருவியே வேண்டும் என்று இல்லை. நேரம் போட்டு ஓட்டும் சாதாரண பட்டன் தெர்மோஸ்டாட்டும் இதைச் செய்யும். பிரச்சினை, அதை யாரும் ஒழுங்காக செட் செய்வதில்லை. எதிர்பார்த்த சேமிப்பு கண்ணில் படாததால் 2009-ஆம் ஆண்டுக் கடைசியோடு ஆற்றலை மிச்சப்படுத்தும் பொருள்களுக்கு அமெரிக்காவில் தரும் எனர்ஜி ஸ்டார் முத்திரையே அந்த வகைக்கு நிறுத்தப்பட்டது. ஸ்மார்ட் வகைக்கு அதே எனர்ஜி ஸ்டார் சொல்வது சூடாக்கல், குளிரூட்டல் செலவில் சராசரியாக 8 சதவீதம் அளவு. ஏற்கெனவே ஷெட்யூல் போட்டு ஒழுங்காக வாழ்பவர் என்றால் உங்களுக்கு இது பெரிதாக எதையும் மிச்சப்படுத்தாது. எங்களை மாதிரி டயலை 21-இல் வைத்துவிட்டு மறந்துவிடும் வீட்டுக்குத்தான் லாபம்.

இந்தக் கணக்கு எல்லா அமைப்புக்கும் அப்படியே பொருந்தாது. ஹீட் பம்ப்பில் இரவில் ஆழமாக இறக்கினால் காலையில் சீக்கிரம் ஏற்ற வேண்டி, உள்ளே இருக்கும் மின்சார ஹீட்டர் துணைக்கு வந்துவிடும். மிச்சப்படுத்தியதை அது தின்றுவிடும். அங்கே ஓரிரு டிகிரிக்கு மேல் இறக்காமல் இருப்பது நல்லது. தரைக்கு அடியில் ஓடும் ஹீட்டிங் சூடாகவும் ஆறவும் மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும், ஏற்றி இறக்குவதில் அர்த்தமே இல்லை. பாய்லர் வீடுகளில் கண்டென்சிங் வகை என்றால், திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி தண்ணீராகி அதன் வெப்பம் நமக்குக் கிடைக்கும். ஆகவே வெறுமனே போட்டு அணைக்கும் தெர்மோஸ்டாட்டைவிட, ஓபன்தெர்ம் போன்ற முறையில் பாய்லரோடு பேசித் தண்ணீரின் சூட்டையே குறைத்து ஓட்டும் கருவி மேல். தெர்மோஸ்டாட் இருக்கும் அறையின் ரேடியேட்டரில் தானியங்கி வால்வு இருந்தால் முழுதாகத் திறந்துவிடுங்கள். இல்லையென்றால் வால்வு அந்த அறையை 19-இல் நிறுத்தும், தெர்மோஸ்டாட் 21 வரவில்லையே என்று பாய்லரை ஓட்டிக்கொண்டே இருக்கும்.

மிச்சமாகிறதா என்று பார்க்கப் போன வருட பில்லை எடுத்து ஒப்பிடாதீர்கள். போன வருடக் குளிர் வேறு, இந்த வருடக் குளிர் வேறு. வெளியே ஒரு நாளின் சராசரி வெப்பம் 18 டிகிரிக்கு எவ்வளவு கீழே இருந்தது என்பதைக் கூட்டிக்கொண்டே போனால் அதற்கு ஹீட்டிங் டிகிரி நாள் என்று பெயர். சராசரி 8 டிகிரி இருந்த நாளுக்கு 10. ஒரு மாதத்தில் எரித்த எரிவாயுவை அந்த மாதத்தின் டிகிரி நாட்களால் வகுத்து, அந்த எண்ணை இரண்டு வருடத்துக்கும் ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். எங்கள் வீட்டில் அந்த எண் குறைந்திருக்கிறது, ஆனால் பெட்டியின் மேல் போட்டிருந்த அளவுக்கு இல்லை. ஓட்டையை அடைத்தது எவ்வளவு, ஷெட்யூல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவும் முடியாது.

கடைசியாக, நெட் இல்லாதபோது என்ன ஆகும் என்பதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல கருவி நெட் போனாலும் ஷெட்யூலைத் தானே ஓட்டும், ஆப் மட்டும்தான் வேலை செய்யாது. மாட்டிய அன்றைக்கே ரூட்டரை அணைத்துச் சோதித்தோம், ஓடியது. அப்டேட்டும் ஆபத்தில்லாதது கிடையாது. 2016 ஜனவரியில் நெஸ்ட் என்ற கம்பெனியின் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டுகள் பல ஒரு சாஃப்ட்வேர் கோளாறால் பேட்டரி தீர்ந்து நின்றுபோய், குளிரில் வீடுகள் தவித்தது செய்தியானது. பழைய மாடல்களுக்கு ஆயுள் முடிவதும் உண்டு. 2011, 2012-இல் வந்த நெஸ்ட் மாடல்களுக்கான ஆதரவை கூகுள் 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டது. சுவரில் இருப்பதைக் கையால் திருப்பினால் ஓடும், ஷெட்யூலும் ஓடும், ஃபோனிலிருந்து இயக்க முடியாது. பாதரச டயல் பல பத்தாண்டுகள் ஓடிய இடத்தில் இதைப் பத்து, பதினைந்து வருடப் பொருள் என்று எண்ணித்தான் வாங்க வேண்டும். ஊருக்குப் போகும்போது வீட்டை முழுக்க அணைத்துவிடாமல் 13 டிகிரி அளவில் வைத்துவிட்டுப் போகிறோம், தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கக் கூடாது என்பதற்காக. இத்தனை டிகிரிக்குக் கீழே போனால் ஃபோனுக்குச் சொல் என்ற எச்சரிக்கையையும் போட்டிருக்கிறோம். ஆனால் கருவியே நின்றுவிட்டால், மின்சாரம் போய்விட்டால் அந்த எச்சரிக்கை வராது. அதனால் சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கிறது. வயரிங் படங்களையும் ஃபோனில் மட்டும் விடாமல் ஒரு தாளில் அச்சடித்து ஃபர்னஸ் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அடுத்து இதைக் கழற்றப் போகிறவருக்கு நீல வயர் எங்கே போகிறது என்று தேட வேண்டியிருக்காது.